இசைத்துறை மாணவி ஒருவருக்கு: ஆய்வுமுறையை எங்கேயிருந்து பழகுவது?

வீடு கொழும்பு வெள்ளவத்தை, படிப்பு யாழ்ப்பாணம் மருதனார்மடம், வாய்ப்பாட்டு, மூன்றாம் வருடம். அடுத்த வருடம் ஆய்வேடு கொடுக்க வேண்டும். "ஆய்வு முறையியல் குறிப்பு முழுக்க முகாமைத்துவப் பிள்ளைகளுக்கு எழுதினது மாதிரி இருக்கு ரீச்சர். மாறி, கருதுகோள், மாதிரியெடுப்பு எல்லாம் பாடமாக்கிச் சோதினையும் எழுதிப்போட்டன். இசையில இதை வைச்சு என்ன செய்யிறதெண்டுதான் விளங்கேல்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் ஒரு தலைப்பும் இருக்கிறது: "இலங்கையில் கர்நாடக இசையின் வளர்ச்சி". ஒரு திட்டமும் இருக்கிறது: விடுமுறைக்குக் கொழும்புக்கு வந்து 100 பேருக்கு வினாக்கொத்துக் கொடுப்பது.

பிள்ளை, தலைப்பையும் வினாக்கொத்தையும் இரண்டு கிழமைக்கு மேசை லாச்சிக்குள் வையுங்கள். பிறகு எடுக்கத் தேவைப்பட்டால் எடுக்கலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

முதலில் தலைப்பு. "வளர்ச்சி" என்று முடிகிற தலைப்புகளை நான் வருடத்துக்கு ஐந்தாறாவது பார்க்கிறேன். பத்து வருடம் எடுத்து ஐந்து பேர் சேர்ந்து எழுதவேண்டிய விஷயத்தை எட்டு மாதத்தில் ஒரு பிள்ளை எழுதப் போனால் என்ன நடக்கும்? ஏற்கெனவே யாரோ எழுதிய மூன்று புத்தகத்தைச் சுருக்கி, வரிசை மாற்றி எழுதுவதுதான் நடக்கும். அந்தத் தலைப்பில் இன்னொரு குழி இருக்கிறது. வளர்ந்தது என்பதை நீங்கள் தொடங்கும்போதே முடிவுசெய்துவிட்டீர்கள். தேய்ந்திருந்தால்? ஓரிடத்தில் வளர்ந்து இன்னோரிடத்தில் நின்றுபோயிருந்தால்? ஒரு கேள்வி ஆய்வுக் கேள்விதானா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு உரைகல்தான் இருக்கிறது: அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வர வழியிருக்கிறதா? "கர்நாடக இசை வளர்ந்ததா?" என்பதற்கு உங்கள் துறையில் யாரும் இல்லை என்று எழுதப்போவதில்லை. அப்படியென்றால் அது கேள்வி இல்லை, வாழ்த்துப்பா.

சின்னக் கேள்வி என்றால் மதிப்புக் குறைவு என்று நினைக்கிறீர்கள் போல. உங்கள் கடிதத்தில் "இது சின்ன விஷயமாப் போயிடுமோ" என்று ஒரு வரி இருந்தது. சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூலை எடுத்துப் பாருங்கள். 1947இல் வெளிவந்த அந்தப் பெரிய நூல் எதைப் பற்றியது? சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் அமைதியை, அதாவது அவனுக்கு இருக்கவேண்டிய தகுதியைச் சொல்லும் 25 அடிகளுக்கு எழுந்த விரிவுரை அது. இருபத்தைந்தே அடி! அந்த அடிகளில் சொல்லப்பட்டது எந்தக் கருவி, நரம்புகள் எப்படி நின்றன, எந்தச் சுரம் எங்கிருந்து பிறந்தது என்று கேட்டுக்கொண்டே போனதில்தான் இலக்கியம், உரை, கணிதம் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அவர் விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றவர். கடைசி வருடங்களில் இங்கே கொழும்பில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். முறையியல் என்று ஒரு பாடத்தை முதலில் முடித்துவிட்டுப் பிறகு யாழிடம் போகவில்லை. யாழ் கேட்டபோது கணக்குப் போட்டார், சொல் தடுக்கியபோது உரையைத் திறந்தார். முறைகள் வரும் ஒழுங்கு அதுதான்.

வெள்ளவத்தையில் இருந்துகொண்டு 25 அடிக்கு எங்கே போவது? வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்குக் கிட்ட உள்ள கோயிலுக்குப் போங்கள். பூசை முடிகிற நேரம் குருக்கள் திரும்பிப் பார்ப்பார், மணி நிற்கும், ஒருவர் முன்னுக்கு வந்து பஞ்சபுராணம் ஓதுவார். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரிய புராணம். சில இடங்களில் முடிவில் ஒரு திருப்புகழ். ஐந்தாறு நிமிடம். சிறு வயதிலிருந்து கேட்டுக் கேட்டு உங்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. இப்போது அச்சிட்ட திருமுறைப் பதிப்பைத் திறவுங்கள். பல தேவாரப் பதிகங்களுக்கு மேலே பண்ணின் பெயர் இருக்கும்: நட்டபாடை, தக்கேசி, பழம்பஞ்சுரம். அந்தப் பண்ணுக்கு இன்று வழங்கும் இராகமும் பெரும்பாலும் தெரிந்ததுதான்: நட்டபாடைக்கு நாட்டை அல்லது கம்பீரநாட்டை, தக்கேசிக்குக் காம்போதி, பழம்பஞ்சுரத்துக்குச் சங்கராபரணம். கோயிலில் ஓதுகிறவர் அந்த இராகத்திலேயா பாடுகிறார்? வேறு ஏதோ ஒன்றிலா? எல்லாப் பதிகத்தையும் ஒரே மெட்டிலா? சங்கீதம் படித்தவர் பாடும்போதும், பாடசாலைச் சமய பாடத்தில் பழகினவர் பாடும்போதும் வித்தியாசம் உண்டா?

இது "இல்லை" என்று பதில் வரக்கூடிய கேள்வி. ஒவ்வொரு வெள்ளியும் இலவசமாகத் தரவு வருகிறது. பக்கவாத்தியம் கிடையாது என்பதால் குரல் தனியாகக் கேட்கிறது; இது எவ்வளவு பெரிய வசதி என்று கீழே சொல்கிறேன். முக்கியமாக, உங்கள் மேற்பார்வையாளருக்கும் பதில் முன்கூட்டித் தெரியாது. இதையே எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கேள்வியின் அளவைக் காட்டத்தான் இதைச் சொன்னேன்.

கேள்வி கிடைத்த பிறகு அதைப் பிரித்துப் பார்க்க 1964இல் அலன் மெரியம் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்ன ஒரு வழி இன்றைக்கும் உதவுகிறது. இசையை மூன்றாகப் பாருங்கள் என்றார்: கேட்கிற ஒலி, அந்த ஒலியை உண்டாக்கும் ஆட்களின் நடத்தை, அதற்குப் பின்னால் அவர்கள் வைத்திருக்கும் எண்ணம். பஞ்சபுராணத்தில் ஒலி என்பது மெட்டும் சுரமும். நடத்தை என்பது யாரை முன்னுக்கு அழைக்கிறார்கள், பெண்பிள்ளைகளை அழைக்கிறார்களா, மைக் யார் கையில் என்பவை. எண்ணம் என்பது "இது பாட்டில்லை, ஓதுறது" என்று பெரியவர் ஒருவர் உங்களைத் திருத்துவாரே, அது. ஒலிக்கு ஒலிப்பதிவும் சுரப்படுத்தலும் வேண்டும், நடத்தைக்கு அவதானம் வேண்டும், எண்ணத்துக்கு நேர்காணல் வேண்டும். நீங்கள் பாடமாக்கிய முறைகளின் பெயர்கள் தாமாகவே தங்கள் இடத்தில் போய் உட்காருவதைப் பார்த்தீர்களா?

இனி உண்மையான பயிற்சி. ஒரு புத்தகமும் வேண்டாம். மூன்று நிமிடப் பதிவு ஒன்றை எடுத்து, கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள்.

சொல்லும்போது சுகமாக இருக்கும். என் மாணவர்களில் கெட்டிக்காரி ஒருத்திக்கு முதல் மூன்று நிமிடத்துக்கு இரண்டு நாள் போனது. முதல் சுற்றில் சொற்களை மட்டும் எழுதி, எங்கே மூச்செடுக்கிறார் என்று ஒரு கோடு போடுங்கள். இரண்டாவது சுற்றில் நீட்டல் குறுக்கலைப் பாருங்கள். தாளத்துக்குள் வருகிறதா, அசை அசையாகப் போகிறதா என்று கைபோட்டுப் பார்த்தால் பத்து நொடியில் தெரிந்துவிடும். மூன்றாவதில் சுரம். நான்காவதில் சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பது. இந்த நான்காவதில்தான் பிள்ளைகள் அழுகிறார்கள். ஏனென்றால் ஸரிகம என்ற எழுத்து அதற்குப் போதாது.

1958இல் சார்ள்ஸ் சீகர் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் இசையை எழுதுவதில் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, இப்படிப் பாடு என்று சொல்வதற்கு எழுதுவது. மற்றது, இப்படிப் பாடப்பட்டது என்று பதிவதற்கு எழுதுவது. நம் கொப்பிகளில் இருப்பது முழுக்க முதல் வகை. தோடி இராகத்தில் "க" என்று ஓர் எழுத்துத்தான் எழுதுகிறோம். குரலில் அது ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் அசைந்துகொண்டே இருக்கும். காந்தாரம் என்று நாம் சொல்லும் இடத்தில் நிற்பதே அருமை. குருவிடம் கேட்டுப் படித்தவருக்கு அந்த ஓரெழுத்துப் போதும். கேட்டிராதவருக்கு அது ஒன்றுமே சொல்லாது. ஆய்வேட்டில் நீங்கள் கேட்டிராதவருக்குத்தான் எழுதுகிறீர்கள். ஆகவே எழுத்துக்கு மேல் வளைகோடு, அம்புக்குறி, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் என்று உங்களுக்கென்று ஒரு குறியீட்டு முறையை உண்டாக்கி, அதன் விளக்கத்தை முதல் பக்கத்தில் போடுங்கள். கொஞ்சம் அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

எழுதினதை ஒரு கிழமை தொடாமல் வையுங்கள். பிறகு அதே மூன்று நிமிடத்தைப் பழைய தாளைப் பார்க்காமல் மீண்டும் எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கெல்லாம் வேறுபடுகிறதோ, அங்கெல்லாம் உங்கள் காது கேட்டது எது, பழக்கம் நிரப்பியது எது என்று தெரியும். மோகன இராகம் என்று மனதில் முடிவெடுத்துவிட்டால், பாடகர் தொட்ட, அந்த இராகத்தில் இல்லாத அந்நிய சுரம்கூட மோகனமாகத்தான் கேட்கும். "நம்பகத்தன்மை" என்று உங்கள் குறிப்பில் ஒரு தலைப்பு இருக்குமே, அது இதுதான்.

இந்த இடத்தில் கணினி கைகொடுக்கும். லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான சொனிக் விஷுவலைசர் இலவசமாகக் கிடைக்கிறது. சுருதியின் போக்கைக் கோடாக வரைந்து காட்டும் இணைப்புச் செயலிகளை அதில் சேர்க்கலாம். தனிக்குரல் என்றால் கோடு சுத்தமாக வரும். வயலினும் மிருதங்கமும் சேர்ந்துவிட்டால் மென்பொருள் குழம்பிக் கண்டபடி குதிக்கும். பக்கவாத்தியம் இல்லாத பஞ்சபுராணம் வசதி என்று மேலே சொன்னது இதனால்தான். ஸ்தாயி ஒன்றை 1200 சென்ற் என்று பிரிப்பார்கள், அரைச்சுரம் ஒன்று 100 சென்ற். ஆதார சுருதியை, அதாவது பாடுகிறவர் ஸ என்று எடுத்துக்கொண்ட இடத்தை, சரியாகக் குறித்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து அளக்கலாம்.

அந்த ஆதார சுருதியே நகரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மாணவி ஒருத்தி கோயிலில் பதிந்த ஒரு பெரியவர், சுருதிப்பெட்டி இல்லாமல் ஒன்றரைக் கட்டைக்கு (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) கிட்டத் தொடங்கி, பெரிய புராணத்துக்கு வரும்போது இரண்டைத் தொட்டிருந்தார். பிள்ளை அதைப் "பிழை" என்று எழுதிக்கொண்டு வந்தாள். நான் கேட்டது ஒன்றுதான்: அடுத்த வெள்ளியும் ஏறுகிறாரா? ஏறினார். அதற்கடுத்த வெள்ளியும் ஏறினார். அதுவும் ஒவ்வொரு முறையும் திருப்பல்லாண்டில்தான் ஏற்றம் தொடங்கியது. சனம் "அரோகரா" சொல்லத் தயாராகும் இடம் அது. பிழை என்று ஒதுக்கியிருந்தால் அந்த ஆய்வேட்டின் மிக நல்ல பக்கம் எழுதப்பட்டிருக்காது.

பதிவு செய்வதைப் பற்றி இரண்டு வார்த்தை. போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். நான் ஒருமுறை போடவில்லை. மூத்த வயலின் கலைஞர் ஒருவர் தன் முதற் கச்சேரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினபோது யாரோ காப்புறுதி விற்க எனக்கு அழைப்பு எடுத்தார்கள், பதிவு நின்றுவிட்டது, நான் கவனிக்கவில்லை. நாற்பது நிமிடம் போய்விட்டது. இன்னொரு நாள் போய்க் கேட்டால் அதே கதை அப்படி வராது. எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாகவே பதியுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் ஸ்ரீரியோ என்றால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 1 கிகாபைட் பிடிக்கும். அதற்கு ஏற்ற இடம் போனில் இருக்கிறதா என்று முதலே பாருங்கள். கோயில் ஒலிபெருக்கிக்கு நேர்முன்னே நிற்காதீர்கள். கடற்கரைப் பக்க வீடுகளில் நேர்காணல் என்றால் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். நான் பகடியாகச் சொல்லவில்லை: என் பழைய பதிவுகளில் பாதி, "அப்ப அந்தக் கச்சேரிக்கு ஆர் வந்தவையெண்டா" என்ற இடத்தில் காலிக்குப் போகிற ரயிலோடு போய்விட்டது. வீட்டுக்கு வந்த அன்றிரவே கோப்புக்குத் திகதி, இடம், ஆள் என்று பெயர் வைத்து இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள்.

இப்போது அந்த வினாக்கொத்துக்கு வருவோம். நானும் கொடுத்தவள்தான். என் முதல் ஆய்வுக்கு, வீணை பழகும் பிள்ளைகளின் பெற்றோர் 60 பேருக்கு, "உங்கள் பிள்ளையை ஏன் வீணை பழக விட்டீர்கள்?" என்று கேட்டு, ஐந்து விடைகளும் போட்டுக் கொடுத்தேன். ஏறக்குறைய எல்லாரும் ஒரே பெட்டியில் புள்ளடி போட்டிருந்தார்கள்: "எமது பண்பாட்டைப் பேணுவதற்காக". சந்தோசமாகப் பை வரைபடம் கீறினேன். ஒரே நிறம். பிறகு ஒருநாள் வகுப்பு வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உள்ள வாங்கில், என் மகளை ஏற்றிக்கொண்டு போகக் காத்திருந்தேன். அங்கே இருந்த அம்மாமார் கதைத்தது வேறு. ஓ.எல். பரீட்சைக்கு அழகியல் பாடம் எடுத்தால் சுகமாக ஏ வருமாம். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் இன்ன தரம் முடித்தால் அரங்கேற்றம் வைக்கலாமாம். மச்சாளின் பிள்ளை கனடாவில் வைத்துவிட்டாள், நாங்கள் சும்மா இருக்கிறதா. ஒருத்தி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் பழக ஆசை, அப்பா விடேல்லை." என் 60 தாளிலும் இந்த நான்கு காரணங்களில் ஒன்றுகூட இல்லை. நான் கேட்ட விதத்தில் அவை வர வழியே இருக்கவில்லை.

வினாக்கொத்து கூடாது என்று சொல்லவில்லை. எத்தனை பேர், எத்தனை தரம், எந்த வயதில் என்று எண்ணவேண்டியதை எண்ண அது நல்லது. ஏன், எப்படி என்று கேட்க அது உதவாது. அதோடு, 12 பேரைக் கேட்டுவிட்டு "75 வீதமானோர்" என்று எழுதாதீர்கள். ஒன்பது பேர் என்று எழுதுங்கள். அந்த ஒன்பது பேருக்கும் முகம் இருக்கிறது.

நேர்காணலிலும் இதே சங்கடம் வேறு வேடத்தில் வரும். மூத்த கலைஞரிடம் போய் "அந்தக் காலத்து இசை எப்படி இருந்தது?" என்று கேட்டால் "அது பொற்காலம் பிள்ளை" என்பார். தேநீர் குடித்துவிட்டு வரவேண்டியதுதான். கருத்தைக் கேட்காமல் பொருளைக் கேளுங்கள். முதல் வயலின் யார் வாங்கித் தந்தது, என்ன விலை? வகுப்புக்கு எதில் போனீர்கள்? வானொலியில் பாடப் போனால் என்ன காசு தந்தார்கள், பாட்டை யார் தெரிவு செய்தது? பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் பாடினபோது மைக் எத்தனை? ஒரு பழைய படத்தைக் கையில் கொண்டுபோய் "இதில் நிற்பது யார்?" என்று கேட்டால் ஒரு மணித்தியாலம் தானாக ஓடும்.

கொழும்பில் இந்த நேர்காணல்களுக்கு வேறு இடத்தில் இல்லாத ஒரு பாரம் உண்டு. ஒரு மூதாட்டியிடம் பழைய கச்சேரி அழைப்பிதழ், படம், ஒலிநாடா ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். "எண்பத்திமூண்டோட எல்லாம் போச்சு" என்றார். அவ்வளவுதான். 1983 ஜூலையில் எரிந்த வீடுகளுக்குள் சுரக்கொப்பிகளும் இருந்தன. ஆகவே இந்த நகரின் தமிழ் இசை வரலாற்றில் ஒரு பகுதிக்கு ஆட்களின் ஞாபகத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அந்த ஞாபகத்தை நீங்கள் மதிக்க வேண்டும். சரிபார்க்கவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்வது கஷ்டம். அவர் சொன்ன வருடத்தைப் பத்திரிகையில் தேடிப் பார்ப்பது அவரை நம்பாததால் அல்ல என்பதை அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

பத்திரிகை தேட இந்த நகரைவிட வசதியான இடம் உங்களுக்குக் கிடையாது. கொழும்பு 7இல், பழைய றீட் அவெனியூவில், தேசிய சுவடிக்கூடம் இருக்கிறது. 1930இல் தொடங்கிய வீரகேசரி, 1932இல் தொடங்கிய தினகரன் போன்றவற்றின் பழைய இதழ்களைத் தேட முதலில் போகவேண்டிய இடம் அது. 1877இல் தொடங்கிய தேசிய நூதனசாலையின் நூலகமும் நடந்துபோகிற தூரத்தில். செய்தியை விட்டுவிட்டு விளம்பரத்தையும் வானொலி நிகழ்ச்சி நிரலையும் பாருங்கள். கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது, 1949இல் அது றேடியோ சிலோன் ஆனது. இரண்டு வெவ்வேறு பத்தாண்டுகளில் ஒவ்வொரு மாதத்தை எடுத்து, தமிழில் எத்தனை நிமிடம் கர்நாடக இசை, எத்தனை நிமிடம் சினிமாப் பாட்டு, எத்தனை நிமிடம் மெல்லிசை என்று நிரலிலிருந்து எண்ணினாலே ஓர் அத்தியாயம் வரும். உங்கள் "வளர்ச்சி"க்கு அப்போது ஓர் எண்ணிக்கையாவது இருக்கும்.

நூலகத்தில் இல்லாத சுவடிகளைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன். அரங்கேற்ற மலர் என்று ஒன்று அடிக்கிறோமே, வழவழப்பான தாளில், நான்கு ஆசிச்செய்தியோடு? எல்லார் வீட்டு அலுமாரிக்குள்ளும் கிடக்கும். ஆசிச்செய்தியைத் தாண்டிப் போனால் அன்று பாடின உருப்படிகளின் பட்டியல், இராகம், தாளம், குருவின் பெயர், பக்கவாத்தியக்காரர் எல்லாம் இருக்கும். முப்பது மலரைச் சேர்த்து ஓர் அட்டவணை போடுங்கள். எந்த வர்ணம் திரும்பத் திரும்ப வருகிறது, தமிழ் உருப்படிகள் கச்சேரியின் எந்த இடத்தில் வருகின்றன, மிருதங்கத்துக்கு இந்தியாவிலிருந்து ஆள் எடுத்தார்களா உள்ளூரா என்பதெல்லாம் தெரியும். கோயில் திருவிழா நோட்டீசும் அப்படித்தான். ஒவ்வொரு நாள் உபயத்துக்கும் எந்த மேளம் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆடிவேல் விழாவின் பழைய நோட்டீசுகள் யாராவது செட்டியார் தெருப் பக்கம் வைத்திருந்தால் எனக்கும் ஒரு பிரதி எடுத்துத் தாருங்கள். வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் உங்கள் வீட்டிலிருந்து நடைதூரம். இரவு பன்னிரண்டு மணிக்குத் தேட 2005இலிருந்து நூலகம் இணையத்தளம் இருக்கிறது. பழைய மலர்களும் சஞ்சிகைகளும் அதில் நிறைய.

உங்களிடம் ஒரு பலம் இருக்கிறது, அதுவே பலவீனமும். 1960இல் மான்ரில் ஹூட் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர், ஒரு இசையை ஆராய வருகிறவர் முதலில் அதைப் பாடவோ கருவியில் வாசிக்கவோ பழகவேண்டும், இரண்டு மொழி பேசுவதுபோல இரண்டு இசையில் இயங்க வேண்டும் என்று வலியுறுத்தினார். வெளியிலிருந்து வருகிறவர்கள் வருடக்கணக்கில் கஷ்டப்பட்டுப் பெறுவதை நீங்கள் எட்டு வயதிலேயே பெற்றுவிட்டீர்கள். உங்களுக்கு இல்லாதது தூரம். எங்கள் பிள்ளைகளின் ஆய்வேடுகளில் அரைவாசி தங்கள் குருவைப் பற்றியதாக இருப்பதும், அவற்றில் ஒரு குறைகூடச் சொல்லப்படாததும் இதனால்தான். குருவைப் பற்றி எழுதக்கூடாது என்று நான் சொல்வதில்லை. "நான் இவரிடம் ஒன்பது வருடம் படித்தவள், இவர் பாடுவதுதான் சரி என்று என் காது பழகியிருக்கிறது" என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள். வாசிக்கிறவர் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்வார். அதை மறைத்தால்தான் பிரச்சினை.

இலக்கிய மீளாய்வு என்பது புத்தகப் பட்டியல் இல்லை. உங்கள் கேள்விக்குக் கிட்ட யார் வந்தார்கள், எங்கே நின்றார்கள் என்பதைச் சொல்வது. ஆங்கிலக் கட்டுரை பயமென்றால் ஒரே ஒன்றைத் தெரிவு செய்து, அகராதியோடு மூன்று கிழமை வாசியுங்கள். பத்தின் சுருக்கத்தை வாசிப்பதைவிட அது மேல். ஒவ்வொரு நூலையும் கையில் எடுத்த அன்றே ஆசிரியர், ஆண்டு, பக்கம் எழுதிவையுங்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு மேற்கோள் போடுவதென்றால், அது தந்த நூலை நூலகத்தில் கையால் தொட்ட பிறகு போடுங்கள். இல்லாத நூலுக்கும் பக்க எண்ணோடு பதில் சொல்லும் வல்லமை அதற்குண்டு. போன வருடம் அப்படி வந்த ஒரு நூலைத் தேடி நானே ஒரு நாளை வீணாக்கினேன்.

பதிவதற்கு முன் அனுமதி கேளுங்கள். கோயில் என்றால் தர்மகர்த்தா சபையிடமும் ஓதுகிறவரிடமும் தனித்தனியாகக் கேட்கவேண்டும், சிறுபிள்ளை என்றால் பெற்றோரிடம். பெயர் போடலாமா என்பதை அதே மூச்சில் கேட்காமல் தனியாகக் கேளுங்கள். பலர் முதலாவதற்கு ஓம் என்றும் இரண்டாவதற்கு வேண்டாம் என்றும் சொல்வார்கள். முடிந்ததும் பதிவின் பிரதி ஒன்றை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, "இந்த இடம் இப்படியில்லை, திரும்பப் பாடுறன் எடு" என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டாவது பதிவும் தரவுதான். முதலாவதை அழித்துவிடாதீர்கள்.

சுவடிக்கூடத்துக்குத் துறைத் தலைவரின் கடிதம் ஒன்று கையில் இருந்தால் நல்லது. விடுமுறை தொடங்கிவிட்டால் கையெழுத்து வைக்க அங்கே ஆள் இராது, ஆகவே கொழும்புக்கு பஸ் ஏற முதல் அதை வாங்கிவிடுங்கள். பஞ்சபுராணத்தை முதல் வெள்ளி பதிய வேண்டாம். சும்மா நின்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஞாபகத்தில் உள்ளதை ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள்.